ஆறு தேசத்தார் பெண் பார்க்க வந்த நாள்

"எங்காத்து ஃப்ரிட்ஜ் போகணும்னா ஒங்காத்து டிவியும் போகணும். அது போகாம இது மட்டும் படி இறங்காது, சொல்லிட்டேன்."

"டிவியத் தூக்குனா அவுக என்னையத் தூக்கி வாசல்ல வச்சிருவாக மாமி. சாயங்காலச் செய்தி பாக்காம அந்த மனுசனுக்குச் சோறு இறங்காது."

"ஒரு நாள் செய்தி கேக்காட்டா லோகம் நின்னுடுமா? அப்போ நான் மட்டும் ஜில்லுனு ஒரு வாய் தண்ணி இல்லாம உக்காந்துண்டிருக்கணுமாக்கும்."

"அந்தச் சின்ன ஃப்ரிட்ஜுல தண்ணியா வச்சிருக்கீக? தலவாணி உறையல்லா மடிச்சு வச்சிருக்கீக. நான் பாக்கலன்னு நெனச்சீகளா?"

சத்தம் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டில் நடந்தது. வங்காளத்தில் டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால், ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்கிற பழைய கட்டடம். ஒரு வீட்டில் வெங்காயம் நறுக்கினால் அடுத்த வீட்டில் கண் எரியும். கீழ்வீட்டு வங்காளி மாஷிமா, நம் ஊர்க் கணக்கில் பெரியம்மா, கதவை ஒரு விரற்கடை திறந்துவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஃப்ரிட்ஜும் டிவியும் தெரியும். மேல்வீட்டுத் தமிழ்க்காரர்கள் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள் என்று மத்தியானத்துக்குள் மீன்கடை வரைக்கும் செய்தி போய்விட்டது.

உண்மையில் இரண்டு பேரும் கொடுப்பதற்குத்தான் சண்டை போட்டார்கள். இரண்டாம் மாடி சுலோசனா ஏற்கெனவே நாலு பிளாஸ்டிக் நாற்காலி, நின்று சுற்றுகிற ஃபேன், சின்ன ஸ்டீல் பீரோ, ஜன்னல் திரை என்று ஒதுக்கி வைத்துவிட்டாள். அது மூன்றாம் மாடி வசுந்தரா மாமிக்குப் பொறுக்கவில்லை. பெரிதாக ஏதாவது கொடுத்து சுலோசனாவைத் தூக்கிச் சாப்பிட வேண்டும். ஆனால் தன்னுடைய பெரிது போய், சுலோசனாவுடைய பெரிது வீட்டிலேயே இருந்துவிட்டால் அதுவும் தோல்விதான். கடைசியில் டிவி, ஃப்ரிட்ஜ் இரண்டும் போவதென்று சமாதானம் ஆயிற்று. இதில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. அவரவர் மனசு நிறைய நல்லெண்ணம் இருந்தது. அதுதான் கெடுத்தது.

இவ்வளவும் ஜகதாம்பாளுக்காக.

ஜகதாம்பாள் இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைத்து, ரொட்டி போட்டுக் கொடுப்பவள். கரக்பூரில் பிறந்த தமிழ்க்காரி. தாத்தா காலத்தில் ரயில்வே லைன் வேலைக்கு வந்த குடும்பம். புருஷன் செத்துப்போய் ஆறு வருடம் ஆகிறது. தண்டவாளத்தை ஒட்டிய குடிசை வரிசையில் ஏழாவது குடிசை அவளுடையது: தார்ப்பாய் கூரை, கொக்கி போட்டு இழுத்த ஒரு பல்பு, செங்கல் மேல் நிறுத்திய ஒரு கட்டில். சுலோசனாவை "பௌதி" என்பாள். வங்காளத்தில் அண்ணிக்கு அதுதான் பெயர். மாமியை மட்டும் "மாமி" என்பாள், ஏனென்றால் மாமி வேறு எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டாள்.

அவளுக்கு ஒரே மகள், வித்யாலக்ஷ்மி. பள்ளியிலும் தெருவிலும் வங்காளி நாக்குக்கு "பித்யா". பதினெட்டு வயசு, பன்னிரண்டாவதில் முதல் வகுப்பு. பார்க்க ஒல்லி, வாய் திறந்தால் மூன்று மொழியில் பதில் வரும். பிள்ளைக்கு நர்ஸ் ஆக வேண்டும். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும், யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோல.

அந்த நேரத்தில்தான் ஆறு தேசத்துத் திட்டம் வந்தது. கடலையும் மலையையும் எல்லையாகப் பங்கிட்டுக்கொண்ட ஆறு அண்டை நாடுகள், சேர்ந்து வறுமையைக் குறைப்பதென்று முடிவு செய்து, நாலு வருடம் ஆறு தலைநகரங்களிலும் மாறி மாறிக் கூடின. மீன் பிடிப்பதில் ஒத்துப்போகவில்லை, ஆற்றுத் தண்ணீரில் ஒத்துப்போகவில்லை, எந்த மொழியில் அறிக்கை எழுதுவதென்பதில்கூட ஒத்துப்போகவில்லை. ஒன்றே ஒன்றில் ஒத்துப்போனார்கள். ஏழை யார் என்று கண்டுபிடிக்க ஆறு நாட்டுக்கும் ஒரே கேள்வித்தாள். அதில் தேறும் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சி: முதல் வருடம் சொந்த ஊரில், இரண்டாம் வருடம் கொழும்பில், தங்க இடம், சாப்பாடு, முடித்தால் ஆறு நாட்டிலும் செல்லுகிற சான்றிதழ். டாக்குரியா லைனோரத்தில் பன்னிரண்டு குடும்பத்தைப் பார்க்க வருகிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு இடம்.

வரிசையில் வந்து ஒரு துண்டுத்தாள் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிரதிநிதிகள் நேரில் வந்து குடும்பத்தையும் பிள்ளையையும் பார்ப்பார்கள் என்று வங்காளியில் இருந்தது. பின்பக்கம் ஆங்கிலத்தில் பொடி எழுத்து ஒரு பக்கம். பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

வித்யா அன்றைக்கே போனில் சிங்களம் படிக்க ஆரம்பித்துவிட்டாள். மாடிப்படி துடைக்கும் அம்மாவுக்கு உதவ வந்தவள், ஒவ்வொரு படிக்கும் "எக, தெக, துன, ஹதர" என்று எண்ணிக்கொண்டே துடைத்தாள். மாஷிமா பயந்துபோய், மந்திரமா என்று கேட்டாளாம்.

துண்டுத்தாளைப் பார்த்ததும் சுலோசனாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளுக்கு எதுவுமே உடனே விளங்கிவிடும், அதுதான் அவள் சுபாவம். இந்தக் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மகன் யாரோடு பேசுகிறான், யார் எதற்காக டாக்டரிடம் போனார்கள் என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

"ஏ ஜகதா, இது என்னன்னு தெரியுதா? பொண்ணு பாக்க வாராக."

"யாரு பௌதி?"

"ஆறு தேசத்துக்காரனும். பின்ன என்ன. வயசுப் பிள்ளையக் கடல் தாண்டி இன்னொரு ஊருக்குக் கூட்டிட்டுப் போகப்போறான். வீடு வாசல் எப்படி, குடும்பம் எப்படின்னு பாக்கமாட்டானா? நம்ம வீட்டுக்கு மருமக எடுக்கணும்னா நாம பாக்கமாட்டோமா?"

ஜகதாம்பாள் யோசித்தாள். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. கரக்பூர் ரயில்வே லைன் வீடுகளில் அது வழக்கம். ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வரிசையே எழுந்துகொள்ளும். மூலை வீட்டிலிருந்து நாற்காலி வரும், பாயம்மா வீட்டிலிருந்து ரோஜா போட்ட பீங்கான் கோப்பை வரும், ரயில் கார்டு வீட்டிலிருந்து ஃபேன் வரும். பெண்ணைவிடக் கோப்பை அதிக வீடு பார்த்திருக்கும். வந்தவர்களுக்கும் தெரியும், இருந்தாலும் கேட்கமாட்டார்கள். அவர்கள் வீட்டிலும் தங்கைக்குப் பார்க்க வந்தபோது நடந்ததுதானே. ஜகதாம்பாளையே அப்படித்தான் பார்த்தார்கள். அன்றைக்கு அவள் காதில் கிடந்த கம்மல் எதிர்வீட்டு அக்காவுடையது.

"பௌதி, ஏழையாத்தானே இருக்கணும்னு சொன்னாங்க?"

"ஏழையா இருக்கலாம்ட்டி. தரித்திரம் புடிச்சு இருக்கக்கூடாது. உக்கார ஒரு நாக்காலி இல்லாத வீட்டுப் பிள்ளைய எவன் நம்பிக் கூட்டிட்டுப் போவான்? கண்ணியமான குடும்பம், கஷ்டப்படுதாகன்னு தெரியணும்."

இந்த இடத்தில் சுலோசனாவின் கணவர் மாரியப்பன் பேப்பரைத் தாழ்த்தி ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார். ரயில்வே கணக்கு ஆபீஸில் முப்பத்திரண்டு வருடம் பின்பக்கத்துப் பொடி எழுத்தை மட்டுமே படித்து ஓய்வு பெற்றவர். இதையும் படித்திருந்தார். அது பின்னால்தான் தெரிந்தது.

பூஜைப் பந்தல்களை எல்லாம் பிரித்து முடித்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கே சைக்கிள் வேனில் சாமான் ஏறிற்று. கட்டடத்திலிருந்து லைன் வரைக்கும் முந்நூறு அடி தூரம்; இருந்தாலும் ஃப்ரிட்ஜுக்கு ஒரு நடை, பீரோவுக்கு ஒரு நடை. மாமி தன் ஃப்ரிட்ஜோடு கூடவே நடந்து போனாள், மகளைப் புகுந்த வீட்டில் விடப்போகிறவள்போல. குடிசைக்குள் எல்லாம் வைத்த பிறகு மனிதர்கள் நிற்க இடமில்லை. கட்டிலைத் தூக்கி வெளியே வைத்தார்கள். அதோடு அந்த வீட்டில் ஜகதாம்பாளுடையது என்று சொல்ல இருந்த ஒரே சாமானும் வெளியே போயிற்று.

"ஃபேன் சுத்துமா?"

"ஃபேன் போட்டா டிவி நிக்கும் பௌதி. லைன் தாங்காது."

"டிவி ஓட வேண்டாம். இருக்கட்டும். நல்லா இருக்கு பாக்க."

பக்கத்துக் குடிசை மினதி எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டில் ஒரு பாயும் மூன்று பிள்ளைகளும் குடிகாரப் புருஷனும்தான். மாமி பெருமையோடு, "பாவம், இதுக்கெல்லாம் யார் இருக்கா ஒத்தாசைக்கு?" என்றாள் தமிழில்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். ஆறு நாட்டிலிருந்து ஒன்பது பேர், கழுத்தில் அட்டை, கையில் தண்ணீர் பாட்டில். கூட டேப்லெட் வைத்துக்கொண்டு உள்ளூர் ஆபீஸ் பையன் ஒருவன், கண்ணாடி போட்டவன். ஒவ்வொரு குடிசையிலும் இரண்டு நிமிடம் நின்றார்கள். ஏழாவது குடிசையில்தான் உட்கார நாற்காலி இருந்தது. அதனால் கால்மணி நேரம் உட்கார்ந்தார்கள். சுலோசனா கைமுட்டியால் மாமியை இடித்தாள். பார்த்தீர்களா என்று அர்த்தம்.

வித்யா மாமியின் சுங்குடிப் புடவையில் டீ கொண்டுவந்தாள். சுலோசனாவின் தங்கவிளிம்புக் கோப்பை. இலங்கையிலிருந்து வந்த அதிகாரிக்கு அவள் "ஆயுபோவன்" என்று சிங்களத்தில் வணக்கம் சொன்னதும் அந்த மனிதர் சிரித்துவிட்டார்.

"எனக்குத் தமிழே போதும் பிள்ளை. நான் மட்டக்களப்பு."

அவர் பெயர் அர்ஜுனன். ஐம்பது வயசிருக்கும், நரைத்த மீசை, சோர்ந்த கண். அவளைப் பற்றி நாலைந்து கேள்வி கேட்டார். நர்ஸ் ஆகி என்ன செய்வாய் என்றார். "அம்மாவ வேலைக்குப் போக விடமாட்டேன்" என்றாள் வித்யா. அவர் தலையாட்டிக்கொண்டார். அதற்குள் ஆபீஸ் பையன் டேப்லெட்டில் விரலால் தட்டிக்கொண்டே போனான். ஃபேன், தட்டு. நாற்காலி, தட்டு. பீரோ, தட்டு. ஃப்ரிட்ஜுக்குப் போட்டோ எடுத்தான். மாமி அதன் மேல் தூசியைத் தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

மற்றவர்கள் எழுந்தபோது அர்ஜுனன் எழவில்லை. ஃப்ரிட்ஜைப் பார்த்தார். அதன் வயர் எங்கேயும் செருகாமல் பின்னால் சுருட்டிக் கிடந்ததைப் பார்த்தார். குரலைத் தணித்து, மற்ற ஐந்து நாட்டிலிருந்து வந்த யாருக்கும் புரியாத தமிழில் கேட்டார்.

"அம்மா, இந்தச் சாமானெல்லாம் உங்கட தானோ?"

ஜகதாம்பாள் வாசலைப் பார்த்தாள். வாசலில் சுலோசனா நின்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்கோ. உங்கட வீட்டு ஆக்கள்ட தானோ, இல்லாட்டி ஆரிட்டயும் இரவல் வாங்கினதோ? பயப்பிட வேண்டாம்."

அந்த நிமிடத்தில் ஜகதாம்பாள் வாயைத் திறந்தாள் என்று மினதி பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். திறந்தது உண்மைதான். ஆனால் பதில் சுலோசனாவிடமிருந்து வந்தது. பெண் பார்க்கும் இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் அப்படிக் கேட்டால் பெண்ணின் அம்மா பதில் சொல்லக்கூடாது, கூட இருக்கும் பெரியவர்கள்தான் முந்திக்கொள்ள வேண்டும். அதுவும் வழக்கம்.

"அவுகளதுதான் சார். எல்லாம் அவ சம்பாத்தியத்துல வாங்குனது. கௌரவமான குடும்பம்."

அர்ஜுனன் சுலோசனாவை ஒரு நொடி பார்த்தார். பிறகு டீக்கோப்பையைக் கீழே வைத்தார். போகும்போது தன் முகவரி அட்டை ஒன்றை வித்யா கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலத்துக்குள் சாமான் எல்லாம் திரும்பி வந்தது. ஜகதாம்பாள் நாற்காலிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி அனுப்பியிருந்தாள். "ஒரு கீறல் இல்ல பௌதி, பாத்துக்கோங்க" என்றாள். மாரியப்பன் செய்தி பார்த்தார். எல்லோருக்கும் நல்ல தூக்கம்.

மூன்று வாரத்தில் பட்டியல் வந்தது. ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்தார்கள். தேறியது இரண்டு பெயர். ஒன்று வரிசைக் கோடியில் இருந்த ஒரு பையன். இன்னொன்று மினதியின் மூத்த மகள், பத்தாவதில் ஒரு தடவை தவறியவள். ஏழாம் குடிசைக்கு நேரே ஒரு குறிப்பு: வறுமை வரம்புக்கு மேல்.

வித்யா பட்டியல் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய், அம்மாவுக்குப் பதிலாக மாமி வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தாள். அன்றைக்கு அவள் படிகளை எண்ணவில்லை.

சுலோசனா துண்டுத்தாளைத் தேடி எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். அவர் பின்பக்கத்தைத் திருப்பவே இல்லை, மனப்பாடமாகச் சொன்னார்.

"பதினாறு சாமான் போட்டிருக்கான். ஆறுக்கு மேல இருந்தா ஏழை இல்ல. நாக்காலி நாலையும் சேத்து நீங்க ஒம்பது கொண்டுபோய் வச்சீங்க."

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"படிச்சேன்."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே. டிவிய மட்டும் கேட்ட. குடுத்தேன்."

சுலோசனா போய் டிவி வயரைப் பிடுங்கிப் போட்டாள்.

அடுத்த நாள் ஜகதாம்பாள் வந்தபோது சுலோசனா அழுதாள், ஜகதாம்பாள் அழவில்லை. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அந்த மனுசன் ரெண்டு தடவ கேட்டாருல்லா. நீயாவது உண்மையச் சொல்லியிருக்கலாம்ல ஜகதா."

"நீங்க சொல்லிட்டீங்களே பௌதி. நீங்க சொன்னதுக்கு மேல நான் எப்படிச் சொல்றது? ஒங்கள பொய்யாக்கச் சொல்றீங்களா?"

அப்புறம் மாவு ஜாஸ்தியாகிவிட்டது, இன்னும் நாலு ரொட்டி போடட்டுமா என்று கேட்டாள்.

சுலோசனாவைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ஒன்று சொல்ல வேண்டும்: அவள் சும்மா இருக்கவில்லை. நியூ டவுனில் அந்தத் திட்டத்தின் ஆபீஸ் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் இருந்தது. இரண்டு பஸ் மாறி, மாமியையும் இழுத்துக்கொண்டு போனாள். அதே கண்ணாடிப் பையன். மரியாதையாக உட்காரவைத்தான். அரைகுறை வங்காளியில் சுலோசனா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். ஃபேன் என்னுடையது, பீரோ என்னுடையது, ஃப்ரிட்ஜ் இவளுடையது, வேண்டுமானால் வீட்டுக்கு வந்து பார், தலையணை உறை இருக்கிறது.

பையன் கணினியில் தேடினான். ரொம்ப நேரம் தேடினான்.

"மாஷிமா, புகார்ப் படிவம் இருக்கு. ஆனா அது, இருக்கிற சாமான மறைச்சவங்க மேல குடுக்கிறது."

"இல்லாத சாமான இருக்கிற மாதிரிக் காட்டுனா?"

"அதுக்குப் படிவம் இல்லை. அப்படி யாரும் செய்வாங்கன்னு ஆறு நாட்டுலயும் யாருக்கும் தோணலை."

புதுப் படிவம் வேண்டுமென்றால் ஆறு நாடும் கூடி ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டம் தை மாசம் இருந்தது. அதற்குள் ஆறில் ஒரு நாட்டில் ஆட்சி மாறிப் பிரதிநிதியே இல்லை. இன்னொரு நாடு, இன்னொன்றோடு ஒரே மேஜையில் உட்காரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறது. எதற்கு என்று மாமி கேட்டாள். எல்லையில் ஏதோ வேலி விவகாரம் என்றான் பையன்.

"பக்கத்தாத்துக்காராளோட பேசாம எத்தன நாள் இருந்துட முடியும்?" என்றாள் மாமி. சுலோசனாவோடு எட்டு மாதம் பேசாமல் இருந்தவள் அவள். காரணம் மொட்டைமாடிக் கொடிக்கயிறு. சுலோசனா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

வித்யாவிடம் இருந்த அட்டையை வாங்கி, விக்ரமின் போனிலிருந்து கொழும்புக்கும் பேசினாள் சுலோசனா. விக்ரம் அவள் மகன்; நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அர்ஜுனன் அவளை மறந்திருக்கவில்லை.

"விளங்குது அம்மா. எனக்கு அண்டைக்கே விளங்கினது. ஃப்ரிட்ஜ் வயரைப் பாத்தனான்."

"அப்ப நீங்க எழுதியிருக்கலாமே சார்."

"நான் எழுதிறது ஒரு நாட்டின்ட எழுத்து. மற்ற ஐஞ்சு பேரிட்டயும் படம் இருக்கு. படத்தில ஃப்ரிட்ஜ் இருக்கு." பிறகு அன்றைக்குப்போலவே குரலைத் தணித்தார். "நான் கேட்டனான் அம்மா. ரெண்டு தரம் கேட்டனான்."

சுலோசனா போனை விக்ரமிடம் திருப்பிக் கொடுத்தாள்.

தைக் கூட்டம் சித்திரைக்குத் தள்ளிப்போயிற்று; சித்திரையில் கைவிடப்பட்டது. திட்டத்தின் ஆபீஸை ஆறாம் மாடியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தப் பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். பட்டியலில் இருந்த பிள்ளைகளை மட்டும் சொன்னபடி அனுப்பினார்கள். முதல் வருடம் முடிந்ததும் மினதியின் மகள் கொழும்புக் கடற்கரையில் வெள்ளை உடுப்போடு நிற்கும் போட்டோ வரிசையில் எல்லோர் போனிலும் வந்தது. வித்யா போனிலும் வந்தது. அவள் அதற்கு ஒரு பூ அனுப்பினாளாம், மினதி சொன்னாள்.

அதற்கு முன்பே, கூட்டம் கைவிடப்பட்ட வருடம் ஆவணியிலேயே, நிஜமாகவே பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கரக்பூர், ஒரு ஹாஸ்டல் சமையல்கட்டில் வேலை. மகேஷ் என்று பெயர். முப்பது வயசு, ஒரு பக்கம் காது கொஞ்சம் மந்தம், கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. வித்யாவுக்குப் பத்தொன்பது. இப்போதே என்ன அவசரம் என்று சுலோசனா கேட்டாள்.

"லைனோரத்துல வயசுப் பிள்ளைய வச்சிட்டு எத்தன நாள் பௌதி? படிப்புன்னு ஒண்ணு இருந்தா பதில் சொல்லலாம். இப்ப என்ன சொல்றது?"

சுலோசனா அன்றைக்குக் காலையிலேயே நாற்காலி நாலையும் துடைத்துப் படிக்கட்டில் அடுக்கி வைத்திருந்தாள். தங்கவிளிம்புக் கோப்பையையும் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

"வேண்டாம் பௌதி" என்றாள் ஜகதாம்பாள். கோபமாகச் சொல்லவில்லை. "தரையில உக்காரட்டும்."

"அப்படி இல்லட்டி. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா."

"வழக்கம்தான். வேண்டாம்."

வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள், ஸ்டீல் டம்ளரில் டீ குடித்தார்கள். ஒன்றுமே இல்லாத வீடு என்று தெரிந்ததில் அவர்களுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. இந்தப் பெண் எதையும் எதிர்பார்க்காது. வித்யாவிடம் என்ன படித்திருக்கிறாய் என்று மாப்பிள்ளையின் அக்கா கேட்டாள். பன்னிரண்டு என்றாள். அதற்கு மேல் எதற்கு என்றாள் அக்கா. சுலோசனா வாசலில்தான் நின்றிருந்தாள். அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டியது அன்றைக்குத்தான் என்று மாஷிமா சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாஷிமா எல்லாவற்றிற்கும் பிறகுதான் சொல்வாள்.

கல்யாணம் கரக்பூர் மாரியம்மன் கோயிலில் நடந்தது. மாமி தன் சின்ன ஃப்ரிட்ஜைச் சீதனமாகக் கொடுத்துவிட்டாள், தலையணை உறைகளை எடுத்துவிட்டு. இப்போது அது வித்யாவுடையதேதான். யார் எத்தனை தரம் கேட்டாலும் தயங்காமல் சொல்லலாம். அவர்கள் இருக்கும் லைன் வீட்டில் மின்சாரம் அதற்குப் போதவில்லை. எலிக்குப் பயந்து அரிசியும் பருப்பும் அதற்குள் வைத்திருக்கிறாள். ஹாஸ்டல் சமையல்கட்டில் அவளுக்கும் வேலை கிடைத்திருக்கிறது, காய் நறுக்குவது. மார்கழியில் குழந்தை பிறக்கும் என்கிறார்கள்.

லைனோரக் குடிசைகளை இந்த வருடம் எடுத்துவிட்டார்கள். மினதி மகள் பணம் அனுப்ப, அவர்கள் சோனார்பூர் பக்கம் இரண்டு அறையில் இருக்கிறார்கள். ஜகதாம்பாள் மகளிடம் போகவில்லை. சம்பந்தி வீட்டில் எப்படி இருப்பது. கஸ்பாவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்தையே துடைக்கிறாள். வசுந்தரா மாமி புனேயில் இருக்கும் மகன் சாய் கிருஷ்ணாவிடம் போய்விட்டாள். விக்ரமுக்குக் கல்யாணம் ஆயிற்று, பெண் ஹர்ஷினி, அவனோடு வேலை பார்ப்பவள். இரண்டு வீட்டாரும் ஒரு ஹோட்டலில் சந்தித்துப் பேசி முடித்தார்கள், யார் வீட்டு நாற்காலியும் தேவைப்படவில்லை. சுலோசனாவும் மாரியப்பனும் இப்போது அவர்களோடு நியூ டவுனில், பதினொன்றாவது மாடியில். எதிர் ஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கு இதுவரைக்கும் தெரியாது. நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் பால்கனியில் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன.